பதினான்கு மாதச் சரிவு

ஏழாம் எண் கிரேன் அன்று காலை ஜெனோவாவை யாரென்று கேட்டது.

ஆறு மணி ஷிப்டு. கிரேன்களைத் தூரத்திலிருந்தே இயக்கும் துறைமுகக் கட்டுப்பாட்டு அறையில் தன் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, கட்டைவிரல் அளவுத் தகடு ஒன்றைத் தொண்டையில் ஒட்டவைத்துக்கொண்டு, வழக்கம்போலத் தன் பெயரையும் வேலை எண்ணையும் சொன்னாள். பச்சை வரவேண்டிய இடத்தில் சிவப்பு வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சொன்னாள். மறுபடியும் சிவப்பு. மூன்றாவது முறை திரை முழுவதும் எழுத்து விழுந்தது: 'பேசுபவர் ஜெனோவா மச்சாது அல்லர். ஆள்மாறாட்டச் சந்தேகம். குரல்சாவி பூட்டப்படுகிறது.'

பக்கத்து இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று வருடமாக அவளோடு ஒரே பிளாஸ்கில் டீ குடித்தவர்கள். அவர்களுக்கு அவள் ஜெனோவாதான். ஆனால் கப்பலிலிருந்து இருபது டன் பெட்டியைத் தூக்கும் அதிகாரம் அவர்கள் கொடுப்பதல்ல. பத்து நிமிடத்தில் காவலாளிகள் இருவர் வந்து, மரியாதையாகவே, அவளை வெளிவாசல்வரை கொண்டுபோய் விட்டார்கள்.

குரல்சாவி வந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. அதை முதலில் வரவேற்றவர்களே தூத்துக்குடிக்காரர்கள்தான். உப்பளத்தில் வேலை பார்ப்பவர்களுக்குக் கைரேகை தேய்ந்துவிடும். ரேஷன் கடையில் விரலை வைத்து வைத்து எடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவார்கள். முகத்தைக் காட்டும் முறை வந்தபோது போலி முகங்களும் கூடவே வந்துவிட்டன. குரல்சாவியை அப்படி ஏமாற்ற முடியவில்லை. தொண்டையில் வைக்கும் தகடு பேச்சைக் கேட்பதோடு நிற்காமல், உள்ளே குரல்நாண் எவ்வளவு தடிமன், எப்படி அதிர்கிறது என்றும் பார்த்தது. சளி பிடித்தால் பொறுத்துக்கொண்டது. வயதானால் அனுசரித்துக்கொண்டது. பையன்களுக்குப் பதினெட்டு வயதில் மறுபதிவு வைத்திருந்தார்கள். வளர்ந்த பெண்ணின் குரல்நாண் தடிக்கக்கூடும் என்பது மட்டும் அதைச் செய்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஜெனோவாவுக்கு எதுவும் தெரியாமல் இல்லை. இருபத்திரண்டு வயது அவளுக்கு. ஒரு வருடமாகத் தொண்டை கட்டியே கிடந்தது. உப்புக்காற்று என்று நினைத்துக்கொண்டாள். மாதாகோயில் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்று உச்சத்தில் பாடியவள், ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழனுக்குள் பின்வரிசைக்குப் போயிருந்தாள். போனில் பேசினால் 'சார்' என்றார்கள். தாடையில் முளைத்த முடியைக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நூல் போட்டு எடுத்தாள். மாதவிலக்கு நின்று எட்டு மாதம் ஆகிவிட்டது. அதைத் தையல் ஆசிரியையான தன் அம்மா பிலோமினாவிடம்கூட அவள் சொல்லவில்லை. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். சொன்னால் அம்மா என்னவென்று நினைப்பாள் என்ற பயம்தான்.

பஸ்ஸுக்கும் வீட்டுக்கும் குரல்சாவிதான்; அன்று பஸ் அவளை ஏற்றவில்லை. நடந்தே வீட்டுக்கு வந்தாள். வீட்டுக் கதவும் திறக்கவில்லை. வகுப்பு முடிந்து அம்மா வரும்வரை வாசலில் வெயிலில் நின்றாள். அம்மா வந்து தன் குரலைக் கொடுத்துக் கதவைத் திறந்ததும், உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். தாடை முடியை. நின்றுபோன மாதங்களை.

பிலோமினா கதவைச் சாத்திவிட்டு மகளருகே வந்து நின்றாள். பிறகு, "ஏட்டி, இதை எங்கிட்ட சொல்லதுக்கு ஒரு கிரேன் வந்து ஒன்ன வெளிய தள்ளணுமா?" என்றாள். மகளின் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் இருவரும் குரல் பதிவகத்துக்குப் போனார்கள். மறுக்கப்பட்ட குரல்களைப் பார்க்கும் அதிகாரி கோமதிநாயகம், ஐம்பதைத் தாண்டியவர். கடிந்து பேசத் தெரியாத மனிதர். அதுவே அவர் சொன்னதை இன்னும் தாங்க முடியாததாக ஆக்கியது.

"இங்க பாருங்கம்மா. இவங்க உங்க மக இல்லன்னு சிஸ்டம் சொல்லுது."

"பெத்தவ நான் சொல்லுதேன் சார்."

"எனக்குப் புரியுது. ஆனா அதை எழுதிக்கிடதுக்கு இந்தப் படிவத்துல எடம் இல்ல." அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "ஒரு கேள்வி இருக்கு. கேக்காம முடிக்க முடியாது. உண்மையான ஜெனோவா இப்ப எங்க இருக்காங்க?"

பிலோமினா எழுந்து நின்றுவிட்டாள். ஜெனோவாதான் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"எழுதிக்கிடுங்க சார்," என்றாள், தன் புதிய தடித்த குரலில். "உங்க எதுக்கதான் இருக்கா."

முப்பது நாளில் மருத்துவக் காரணம் காட்ட வேண்டும், இல்லையென்றால் விவரம் போலீசுக்குப் போகும் என்று விளக்கிவிட்டு, கோமதிநாயகம் மறுப்பு அறிக்கையை அச்சிட்டுக் கொடுத்தார். மூன்று வருடத்தில் ஒவ்வொரு வேலை நாளும் தகடு அளந்த அளவுகள் அதிலிருந்தன. பெரும்பாலும் நேராகப் போன கோடு, கடைசிப் பதினான்கு மாதங்களில் மெல்ல மெல்லக் கீழே சரிந்திருந்தது.

காது மூக்கு தொண்டை மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, நோய் எதுவும் இல்லை, ஆனால் குரல்நாண் ஓர் ஆணுடையதைப்போலத் தடித்திருக்கிறது என்று சொல்லி, ஹார்மோன் மருத்துவரிடம் அனுப்பினார். அங்கே டோக்கன் எடுக்கவும் குரல் வேண்டும். பிலோமினா தன் பெயரில் எடுத்து மகளை உள்ளே அழைத்துப் போனாள்.

டாக்டர் மெஹருன்னிசா காயல்பட்டினத்துக்காரர். நோயாளி பேசி முடிக்கும்வரை எதையும் எழுதாதவர். ஜெனோவா பேசி முடித்ததும் அறிக்கையைக் கேட்டு வாங்கினார். சரிவுக் கோட்டின்மேல் விரலை வைத்து நிதானமாக இழுத்துக்கொண்டே வந்தார்.

"எந்த லேபும் எனக்கு இப்படி ஒண்ணு தந்ததில்லம்மா," என்றார். "பேஷன்ட் வர்ற அன்னைக்கு என்ன இருக்கோ அதைத்தான் பார்ப்போம். இதுல தினம் தினம் இருக்கு."

இரத்தப் பரிசோதனையில் ஆண் ஹார்மோன் ஒரு பெண்ணுக்கு இருக்க வேண்டியதைப்போல எட்டு மடங்கு இருந்தது. ஸ்கேனில் இடது சினைப்பையில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி தெரிந்தது.

"எல்லாப் பொண்ணுங்க சினைப்பையிலயும் கொஞ்சம் ஆண் ஹார்மோன் சுரக்கிற செல்லு உண்டு," என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். "அபூர்வமா, உங்க வயசுப் பொண்ணுங்களுக்கு, அதுல சிலது தறிகெட்டுப் பெருகிடும். நிறுத்தாம சுரந்துகிட்டே இருக்கும். முடி, குரல், பீரியட்ஸ் நின்னது, எல்லாமே அந்த ஒரு கட்டியோட வேலை. நீங்க பண்ணின தப்பு எதுவும் இல்ல."

"புத்துநோயா டாக்டர்?" என்று பிலோமினா கேட்டாள்.

"அந்த இனத்துல சேர்ந்ததுதான். ஆனா பெரும்பாலும் ரொம்ப நாள் ஒரே எடத்துல இருக்கும். பரவுறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தை எடுத்துட்டா அனேகமா அதோட சரி. வலது பக்கம் அப்படியே இருக்கும். பிள்ளை பெத்துக்கலாம்."

அம்மா நெற்றியிலும் மார்பிலும் சிலுவை இட்டுக்கொண்டாள். ஜெனோவா வேறொன்று கேட்டாள். "என் குரல் திரும்புமா?"

மெஹருன்னிசா அவள் கண்ணைப் பார்த்தே பதில் சொன்னார். "மத்ததெல்லாம் சரியாகும். குரல்நாண் தடிச்சது தடிச்சதுதான். திரும்பாதும்மா."

ஜெனோவா தலையாட்டினாள். வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவிவிட்டு வந்து, "எப்ப ஆபரேஷன்?" என்று கேட்டாள்.

அறுவைக்குச் சம்மதம் சொல்லவும் குரல்சாவிதான். சாவி இல்லாத ஜெனோவா மச்சாதுவை மருத்துவமனை சேர்த்துக்கொள்ள முடியாது. டாக்டர் இரண்டு நாள் அலைந்துவிட்டு ஒரு வழியோடு வந்தார். சாலையில் மயங்கிக் கிடப்பவர்களுக்காக ஒரு பழைய விதி இருந்தது. அதன்படி இரண்டு மருத்துவர்கள் மையில் கையெழுத்துப் போட்டால் யாரையும் சேர்க்கலாம். அப்படித்தான் அவள் அறுவை அரங்குக்குப் போனாள். மணிக்கட்டுப் பட்டையில் எழுதியிருந்தது: 'பெயர் தெரியாத பெண். வயது சுமார் 22.'

பிலோமினா அந்தப் பட்டையைப் பார்த்துத்தான் அழுதாள். அதுவரை அழவில்லை.

கட்டி அதன் உறைக்குள்ளேயே இருந்தது. எங்கும் பரவவில்லை. ஒரே வாரத்தில் ஹார்மோன் அளவு இயல்புக்கு இறங்கியது.

கட்டிலில் படுத்திருந்த நாட்களில் ஜெனோவா அந்த அறிக்கையைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிரேன் திரையில் ஓடும் கோடுகளைப் படிப்பது அவள் தொழில். கம்பி இழுக்கும் பளு சட்டென்று மாறினால் கொக்கி நழுவுகிறது என்று பொருள். மெல்ல மாறினால் கம்பியே தேய்கிறது. இரண்டும் வேறு வேறு. தையல் பிரித்த மறுநாளே, அம்மா எவ்வளவு சொல்லியும் கேட்காமல், கோமதிநாயகத்தின் எதிரே போய் உட்கார்ந்தாள். மருத்துவச் சான்றிதழை நீட்டினாள். அவர் படித்துவிட்டு, சங்கடத்தோடு, முறையீடு தீர இன்னும் சில மாதம் ஆகும் என்றார்.

"அது கெடக்கட்டும் சார். ஒண்ணு கேக்கணும். என் இடத்துல வேற ஒருத்தி வந்து பேசினா கோடு எப்படி இருக்கும்?"

"ஒரே நாள்ல மாறும். படி எறங்கின மாதிரி."

"எனக்குப் பதினாலு மாசமா எறங்கியிருக்கு. தினம் ஒரு நூலு. கொஞ்சம் கொஞ்சமா யாரு சார் ஆள்மாறாட்டம் பண்ணுவா?"

கோமதிநாயகம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி அளவையும் பதிவிலிருந்த முதல் அளவையும் ஒப்பிட்டு முடிவு சொல்வதுதான் இயந்திரத்தின் வேலை. இடையில் இருந்ததை அது சேமித்து வைத்ததே தவிர, படித்ததில்லை. அவரும் படித்ததில்லை.

"நீங்க பூட்டின மத்த பொண்ணுங்களோட கோடு எப்படி இருக்கு?" என்று அவள் கேட்டாள்.

"பேரு விவரமெல்லாம் வெளிய கொடுக்க முடியாதும்மா."

"எனக்குப் பேரு வேண்டாம். நீங்களே பாருங்க."

அவர் பார்த்தார். நான்கு நாள் எடுத்துக்கொண்டார். ஐந்தாம் நாள் அவரே பிலோமினாவுக்குப் போன் செய்து, மகளிடம் கொடுக்கச் சொன்னார். குரலில் பழைய அலுவலகத் தோரணை இல்லை.

"மாநிலம் முழுக்கப் பாத்துட்டேன். ஏழு வருஷத்துல, முப்பது வயசுக்குள்ள, உங்களை மாதிரியே மெதுவா எறங்கின கோடு முப்பத்தெட்டு இருக்கு. எல்லாமே ஆள்மாறாட்டம்னு மூடின கேஸ். அதுல ஆறு நான் மூடினது."

கோமதிநாயகம் தொகுத்த கோப்பை மேலதிகாரிகள் வாங்கி வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்கவில்லை. அவர் அதன் நகலை மேலே, அதற்கும் மேலே அனுப்பினார். மெஹருன்னிசா கூடவே ஒரு மருத்துவக் குறிப்பு எழுதினார். ஆவணி மாதம் சென்னையில் மூன்று பேர் குழு ஒன்று விசாரணைக்கு உட்கார்ந்தது. ஓய்வுபெற்ற பெண் நீதிபதி ஒருவர் அதற்குத் தலைவர்.

சாட்சி சொல்பவர் தகட்டில் பேசித் தன்னை உறுதிப்படுத்த வேண்டும். ஜெனோவா தகட்டை எடுத்துத் தொண்டையில் வைத்துத் தன் பெயரைச் சொன்னாள். மேசை விளக்கு சிவந்தது. பதிவகத்தின் வழக்கறிஞர் உடனே எழுந்து, இப்படியொருவர் பதிவிலேயே இல்லை, இவர் பேச்சை எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார்.

தலைவர் அவளைப் பார்த்தார். ஜெனோவா தகட்டைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள். அந்தத் தடித்த குரல் அறையின் கடைசி நாற்காலிவரை போனது.

"அது சிவப்பாவே இருக்கட்டும்மா. முப்பத்தெட்டு பேருக்கு இப்படித்தான் சிவந்திருக்கு. அவங்க திருட்டுத்தனம் பண்ணல. உடம்பு சரியில்லன்னு அவங்க தொண்டை தினமும் இந்த மெஷின்கிட்ட சொல்லியிருக்கு. அவங்களுக்கே தெரியறதுக்கு முன்னாடி இதுக்குத் தெரிஞ்சிருக்கு. இது கதவைச் சாத்திட்டுது. என் வயித்துலயிருந்து எடுத்ததை டாக்டர் பாட்டில்ல வச்சிருக்காங்க. மத்தவங்களுக்கு அது இன்னும் உள்ளதான் இருக்கு."

வழக்கறிஞர் சொன்னார்: "இதை ஏத்துக்கிட்டா, ஏழு வருஷமா நோயாளிங்களைக் குத்தவாளின்னு சொல்லியிருக்கோம்னு ஆயிடும்."

பின்வரிசையிலிருந்து கோமதிநாயகம் எழுந்தார். அவரை யாரும் அழைக்கவில்லை. "ஆமா, சொல்லியிருக்கோம்," என்றார். "ஆறு பேர்கிட்ட நான் என் வாயால கேட்டிருக்கேன், உண்மையான ஆள் எங்கன்னு. என் பேரையும் எழுதிக்கிடுங்க."

ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. ஜெனோவாவின் பூட்டும் அந்த முப்பத்தெட்டு பூட்டுகளும் திறக்கப்பட வேண்டும். வழக்குகள் ரத்து. இனிமேல் குரல் மெல்லச் சரிந்தால் சாவியைப் பூட்டக் கூடாது. எச்சரிக்கை போலீசுக்கும் போகக் கூடாது. சரிவு தொடங்கிய முதல் வாரங்களிலேயே அந்தப் பெண்ணுக்கு மட்டும் ஒரு கடிதம் போக வேண்டும், அருகிலிருக்கும் ஹார்மோன் மருத்துவரின் பெயரோடு.

ஜெனோவாவின் பதிவை மூடிவிட்டு வேறு எண்ணில் புதிதாகத் தொடங்கலாம், அதுதான் சுலபம் என்று பதிவகம் சொன்னது. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டும் நான்தான்," என்றாள். அதே எண்ணில், அதே கோட்டின் தொடர்ச்சியாக, அவள் புதிய குரல் சேர்க்கப்பட்டது. மறுவாரம் ஏழாம் எண் கிரேனில் அவள் தூக்கிய முதல் பெட்டியைப் பார்க்க ஷிப்டு முடிந்தவர்களும் வீட்டுக்குப் போகாமல் நின்றார்கள். அதை அவள் ஒரு தட்டு சத்தம்கூடக் கேட்காமல் லாரிமேல் வைத்தாள்.

ஆனால் கடிதம் போன முப்பத்தெட்டு பேரில் முதல் மாதம் மருத்துவரிடம் வந்தவர்கள் நான்கே பேர். ஒருமுறை குற்றவாளி என்று சொன்ன அரசாங்கம் மறுபடி எழுதினால் யார் நம்புவார்கள்? மெஹருன்னிசாதான் யோசனை சொன்னார். "நான் பேசினா பயப்படுவாங்க. நீங்க பேசுங்க." பெண்களின் சம்மதத்தைக் கடிதத்தோடு கேட்டு வாங்கி, சனிக்கிழமைதோறும் மருத்துவமனையின் ஒரு சிறிய அறையில் உட்கார்ந்து ஜெனோவா போன் செய்தாள்.

எட்டயபுரம் பக்கத்துப் பேச்சிக்கனிக்குப் பத்தொன்பது வயது. சம்மதச் சீட்டில் 'பேச மாட்டேன், கேட்பேன்' என்று எழுதியிருந்தாள். குரல் உடைந்ததிலிருந்து வீட்டார் அவளை வெளியே விடவில்லை. அவளும் இரண்டு வருடமாக வீட்டுக்குள்கூடப் பேசுவதை விட்டுவிட்டு, வேண்டியதை எழுதிக் காட்டிக்கொண்டிருந்தாள். போனை எடுத்தாள். மூச்சு மட்டும் கேட்டது.

"நான் ஜெனோவா, தூத்துக்குடி. என் குரலைக் கேட்டா ஆம்பளை பேசுதான்னு தோணும். பொண்ணுதான். ஒனக்கு இருக்கிற மாதிரியேதான் எனக்கும் இருந்துச்சு."

ஜெனோவா போனை வைக்கவில்லை. கட்டியைப் பற்றிச் சொன்னாள், ஸ்கேன் வலிக்காது என்றாள், இரண்டு மாதத்தில் தனக்கு எல்லாம் ஒழுங்கானதைச் சொன்னாள். கடைசியில் மறுமுனையிலிருந்து, துருப்பிடித்த தாழ்ப்பாளைத் திறப்பதுபோல, ஒரு தடித்த குரல் வந்தது.

"அக்கா. எப்ப வரட்டும்?"

பேச்சிக்கனிக்கு இருந்த கட்டி ஜெனோவாவுடையதைவிடப் பெரியது. ஆனாலும் பரவியிருக்கவில்லை. அறுவை முடிந்த நான்காம் நாள் இருவரும் வார்டு நடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் வந்த நர்ஸ், பெண்கள் வார்டில் ஆண்கள் குரல் கேட்கிறதே என்று எட்டிப் பார்த்தார். இருவரும் சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு வருடத்துக்குள் முப்பத்து மூன்று பேர் வந்தார்கள். பதினோரு பேருக்குச் சினைப்பைக் கட்டி. மூன்று பேருக்குச் சிறுநீரகத்துக்கு மேலுள்ள சுரப்பியில். மற்றவர்களுக்குத் தைராய்டு, தெரியாமல் சாப்பிட்ட மருந்துகள், இப்படி. நான்கு பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒருத்திக்குக் கடிதம் போய்ச் சேர்வதற்கு எட்டு மாதம் முன்பே உயிர் போயிருந்தது. அவள் வீட்டுக்குக் கோமதிநாயகம் தானே போய், மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவர் விடுமுறை எடுத்ததே இல்லை. சரிவுக் கோடுகளைத் தினமும் தன் கண்ணால் பார்த்தார்.

மறு வருடம் ஒரு சனிக்கிழமை மதியம், ஜெனோவாவின் அறைக்கு முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு பெண் வந்தாள். இருபது வயது இருக்கும். அகிலவேணி என்று பெயர் சொன்னாள். பட்டுக்கோட்டை, ஆசிரியர் பயிற்சி படிக்கிறாள். ஏழு மணி நேரம் பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் இருந்தது. அதைவிடக் கோபம் இருந்தது.

"நீங்கதான் இந்த லெட்டர் போடுறவங்களா?"

"லெட்டர் பதிவகம் போடும். நான் அதைப் பத்திப் பேசுவேன். உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. "எனக்கு ஒண்ணுமே இல்லங்க. ஒரு தலைவலி கூட வந்ததில்ல. குரல் சரியுதுன்னு லெட்டர் வந்துச்சு. யார்கிட்டக் கேட்டாலும் உன் குரல் நல்லாத்தானே இருக்குன்னாங்க. தஞ்சாவூர் டாக்டர் ஸ்கேன் பார்த்தாங்க, பட்டாணி அளவு என்னமோ இருக்குன்னாங்க, எடுத்துட்டாங்க. பட்டாணிங்க. அதுக்காக என் வயித்தைத் தொறந்து, ரெண்டு மாசம் காலேஜ் போகாம, நிச்சயம் பண்ண இருந்ததைத் தள்ளிவச்சு, ஊரெல்லாம் என்னமோ ஏதோன்னு பேசி... நல்லா இருந்த பொண்ணை எதுக்குங்க இப்படிப் படுத்துனீங்க? அதைக் கேட்கத்தான் வந்தேன்."

அந்தப் பெண் பேசியதை ஜெனோவா வார்த்தை வார்த்தையாகக் கேட்கவில்லை. குரலை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தாள். மெல்லிய, கூர்மையான, கோபத்தில் இன்னும் உச்சத்துக்கு ஏறிப்போன குரல். எங்கும் தடிக்காமல், எங்கும் உடையாமல், அறையின் சன்னல் கண்ணாடியில் பட்டுத் திரும்பியது.

"என்னங்க, பேசாம இருக்கீங்க?" என்றாள் அகிலவேணி.

"நீங்க பேசுங்க," என்றாள் ஜெனோவா. நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். "இன்னும் திட்டணும்னா திட்டுங்க. எனக்கு ஒரு அவசரமும் இல்ல."